ஒரு மூடி ரெடிமிக்ஸ்

"டர்ர்ர்" என்று திராட்சைப் பந்தலையே அதிரவைத்துக்கொண்டிருந்த பவர் ஸ்பிரேயர், திடீரென்று "கிரீச்" என்று ஓர் அலறல் போட்டது. அடுத்த நொடி, "டக்". அவ்வளவுதான். சத்தம் செத்துவிட்டது.

கைதட்டத் தயாராக இருந்த நாற்பது பேரும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள். மிஷினை முதுகில் மாட்டியிருந்த இளம் விவசாயி கார்த்திக்ராஜ் அதைக் கீழே இறக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு அரை அங்குலம்கூட வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தான். மிஷின் கூடவே வந்தது, கயிறு வரவில்லை.

"புடிச்சிருச்சுங்க," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "பிஸ்டன் புடிச்சிருச்சு."

முன்வரிசையில், பத்து நிமிடத்துக்கு முன் போர்த்தப்பட்ட பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த சுகிர்தம் சட்டென்று நிமிர்ந்தார். அந்தப் பொன்னாடையே, இனி இப்படி ஒரு சத்தம் சுருளிப்பட்டியில் கேட்காது என்பதற்காகப் போர்த்தியதுதான்.

சுகிர்தம் முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் தேனி கடைவீதியில், ஏலக்காய் மண்டி ஒன்றின் மாடியில், விசாரணை அலுவலகம் நடத்துகிறார். எரிந்த கடை, காணாமல்போன லோடு, பொய்யாக நொண்டுகிற மாடு என்று அவர் கண்ணில் படாமல் தப்பியது எதுவும் இல்லை என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர். அந்தப் பேரை நம்பித்தான் மூன்று வாரத்துக்கு முன் சுருளிப்பட்டி விவசாயிகள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் வாடகை மிஷின் மையத்தில், ஒரே வாரத்தில் இரண்டு ஸ்பிரேயர்கள் இதே மாதிரி இறுகிச் செத்திருந்தன.

இந்த மிஷின்களுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. லிட்டருக்கு நாற்பது மில்லி டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மையத்தில் அந்தக் கலவையைக் கையால் கலந்துகொண்டிருந்தவர் பேச்சிமுத்து. சுகிர்தம் அரைநாள் விசாரித்தார். பேச்சிமுத்துவின் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி டேங்க்கில் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்தார். துணி நீலமாக வந்தது. மையத்து ஆயிலின் நீலம். தீர்ந்தது கதை. கலவையைத் திருடி வண்டிக்கு ஊற்றிவிட்டு, மிஷினுக்கு ஆயில் இல்லாமல் ஊற்றியிருக்கிறார் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். பேச்சிமுத்துவை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். கைக்கலவைக்குத் தடை. இனிமேல் கம்பெனியிலேயே அளந்து கலந்து, சீல் வைத்து வரும் பச்சை நிற ரெடிமிக்ஸ் மட்டும்தான் என்று தீர்மானம்.

இன்று அந்த ரெடிமிக்ஸின் செயல்விளக்கம். அதில்தான் மூன்றாவது மிஷின் செத்திருக்கிறது.

"என் பாட்டில்ல ஒரு தப்பும் கிடையாது!" ரெடிமிக்ஸ் விற்கும் கம்பம் கடைக்காரர் வினோத்ராஜ் முதலில் எழுந்தார். "சீலை எல்லார் கண்ணு முன்னாடிதான் பிரிச்சேன். வீடியோவே இருக்கு."

"பாட்டில யாருய்யா சொன்னது?" மையத்தின் தலைவர் ஆண்டனி ராஜ் மைக்கைப் பிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிய வேகத்திலேயே அவர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது தெரிந்தது. "நேத்துச் சாயந்தரம் பேச்சிமுத்து இங்கன கேட்டு வாசல்ல நின்னத என் கண்ணால பாத்தேன். வேலைய விட்டுத் தூக்குன ஆத்திரம். மிஷின்ல எதையோ கலந்து விட்டுட்டான். அன்னைக்கே ஸ்டேசன்ல ஒப்படைச்சிருக்கணும், பாவம்னு விட்டேன். இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம். கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுக்குறோம். மேடம் அறிக்கையையும் சேத்தே கொடுக்குறோம்."

எல்லோரும் சுகிர்தத்தைப் பார்த்தார்கள். அவருக்குத் தன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று திடீரென்று ஞாபகம் வந்தது. நல்ல அழகான கையெழுத்து.

"நாலு மணி வரைக்கும் மிஷினை யாரும் தொட வேணாம்," என்றார்.

*

மையத்தின் கொட்டகைக்குப் பின்னால் செத்த மிஷினைச் சுற்றி மூன்று பேர். சுகிர்தம், கார்த்திக்ராஜ், அப்புறம் தங்கப்பாண்டியன். இந்தத் தங்கப்பாண்டியன் இருபது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, இப்போது சுகிர்தத்தின் ஆம்னியை ஓட்டுகிறவர். உதவியாளர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறார். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுத்ததே இல்லை. இப்போது அந்த வாயில் உளுந்தவடை.

"அக்கா, விழாதான் கெட்டுப்போச்சு. வடை கெடல," என்றார்.

சுகிர்தம் சிரிக்கவில்லை. ரெடிமிக்ஸ் பாட்டிலைத் தூக்கினார். கை சட்டென்று தாழ்ந்தது. பாட்டில் கனத்தது.

"இது ஒரு லிட்டர் பாட்டில்தானே? அப்படியே நெறஞ்சிருக்கு?"

தங்கப்பாண்டியன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூக்கு வரைக்கும் இருக்கே! மாப்பிள்ளை வீட்டுல காப்பி குடிச்ச மாதிரி ஒரு வாய்தான் குடிச்சிருக்கு மிஷினு."

கார்த்திக்ராஜ் நெளிந்தான். "டேங்க்ல எடமே இல்லீங்க. காலையில எடுக்கும்போதே கழுத்து வரைக்கும் இருந்துச்சு. போட்டோவுக்காக ஒரு மூடி மட்டும் ஊத்துனோம்."

"முன்னாடியே யார் ஊத்தினது?"

"தெரியலீங்க. சென்டர்ல நெறச்சு வச்சிருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சுகிர்தம் இரண்டு டம்ளர்கள் கேட்டு வாங்கினார். ஒன்றில் பாட்டிலிலிருந்து கொஞ்சம். கிளிப்பச்சை. இன்னொன்றில் மிஷின் டேங்க்கிலிருந்து கொஞ்சம். வெளுத்த மஞ்சள். ஊற்றிய ஒரு மூடிப் பச்சை அதில் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நிறம் வேற. சரி. இதுல ஆயில் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"மதுரைக்கு அனுப்புனா பத்து நாள்ல சொல்லுவாக," என்றான் கார்த்திக்ராஜ்.

"நமக்கு நாலு மணி நேரம்கூட இல்ல." சுகிர்தத்தின் கண் தங்கப்பாண்டியனின் கையில் இருந்த செய்தித்தாள் துண்டின் மேல் விழுந்தது. வடை போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வடை இருந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி எண்ணெயாக மின்னியது. "தங்கம், அந்தப் பேப்பரைக் கொடு."

"அக்கா, பசிச்சா இன்னொரு வடை வாங்கித் தர்றேன். பேப்பர நக்க வேணாம்."

சுத்தமான ஓரமாகப் பார்த்துக் கிழித்து, அதில் பாட்டில் பெட்ரோல் ஒரு சொட்டு, தள்ளி டேங்க் பெட்ரோல் ஒரு சொட்டு வைத்தார். வெயிலில் நீட்டினார். மூன்று நிமிடம். பெட்ரோல் பறந்தது. பாட்டில் சொட்டு விழுந்த இடத்தில் எட்டணா அளவுக்கு எண்ணெய் வட்டம் பிசுபிசுத்தது. டேங்க் சொட்டு விழுந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பேப்பரில் அச்சடித்திருந்த மாட்டுத்தீவன விளம்பரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"வெறும் பெட்ரோல்," என்றார் சுகிர்தம்.

"அப்ப ரெடிமிக்ஸ் மேல குத்தமில்ல."

"கைக்கலவை மேலயும் குத்தமில்ல தங்கம். இது கலவையே இல்ல. யாரோ வெறும் பெட்ரோலைக் கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சது."

முடிந்ததா? அவர் மனதுக்குள் எலி ஒன்று சுரண்ட ஆரம்பித்திருந்தது. கைக்கலவை மேலும் குற்றமில்லை என்று சொன்னது அவர் வாய்தானே?

*

மையத்தின் எழுத்தர் அருள்செல்வி. இருபத்தைந்து வயதுப் பெண். விழாவுக்குக் கட்டிய புதுப்புடவையின் முந்தானையைக் கசக்கிக்கொண்டே பதில் சொன்னாள். மூன்று வாரமாகப் பூட்டியிருந்த மையத்தை நேற்றுத்தான் திறந்தார்கள். டேங்க்கில் மிச்சமிருந்த பழைய கலவையோடு அந்த மிஷினை எடுத்தது முருகம்மாள் அக்கா. ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆறரைக்குப் பேச்சிமுத்து கேட்டுக்கு வந்தார்.

"உள்ள வந்தாரா?"

"இல்லீங்க..." என்றவள் இன்னும் எதையோ சொல்ல வந்து, ஆண்டனி ராஜ் அந்தப் பக்கம் வருவதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். சுகிர்தம் அதைக் கவனித்தார். நேரம் இல்லை. முதலில் முருகம்மாள்.

ஆம்னி அருவி ரோட்டில் போனது. பொன்னாடை பின்சீட்டில் சுருண்டு கிடந்தது.

முருகம்மாள் தன் பந்தலுக்குக் கீழே அறுவடை ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, தலையில் துண்டுக்கட்டு, கையில் கத்தரி. "ஏலே, கொலையப் புடிக்காத, காம்பப் புடி! பழத்து மேல இருக்குற சாம்பல் பூச்சு போச்சுன்னா யாவாரி மூஞ்சியத் திருப்பிக்கிருவான்!"

சுகிர்தத்தைப் பார்த்ததும் குரல் அப்படியே இறங்கியது. "வாங்கம்மா. நீங்கதான அந்தப் பேச்சிமுத்தைக் கண்டுபுடிச்சவுக?"

பாராட்டாகத்தான் கேட்டார். சுகிர்தத்துக்குக் கன்னத்தில் யாரோ தட்டியது போலிருந்தது.

மோர் வந்தது. இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வரப்பில் வந்தாள். ஓர் எவர்சில்வர் சம்படத்தை நீட்டினாள். "அக்கா, உங்க சம்படம்." முருகம்மாள் மூடியைத் திறந்தார். உள்ளே நான்கு கொய்யாப்பழம்.

தங்கப்பாண்டியன் எட்டிப் பார்த்தார். "சம்படம் காய்க்குமா இந்த ஊர்ல?"

"அட, முந்தாநாத்து இதுல கருவாட்டுக் கொழம்பு கொடுத்துவிட்டேன். அதுக்காக வெறும் சம்படத்தையா திருப்பிக் கொடுப்பாக? வாங்குன பாத்திரத்த வெறுசாக் கொடுத்தா அசிங்கமில்ல?" முருகம்மாள் ஒரு கொய்யாவை எடுத்து அவர் கையில் வைத்தார். "தின்னுங்க."

மோர் டம்ளர் சுகிர்தத்தின் உதட்டருகே அப்படியே நின்றது.

"முருகம்மா," என்றார் மெதுவாக. "நேத்து மிஷினைத் திருப்பிக் கொடுத்தீங்களே. எப்படிக் கொடுத்தீங்க?"

"எப்படின்னா? தொடைச்சுத்தேன் கொடுத்தேன்."

"டேங்க்?"

முருகம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா கேக்குறீக? வெறும் டேங்க்கோட கொண்டு போய்ப் போட்டுட்டேன்னு எவளாச்சும் சொன்னாளா? கழுத்து வரைக்கும் நெறச்சுக் கொடுத்தேன். என் மகன் பைக்குலருந்து குழாய் போட்டு அவனையே உறிஞ்சச் சொல்லி நெறச்சேன். வாய்க்குள்ள பெட்ரோல் போயி, நேத்து ராத்திரி சோறே திங்கல அவன்."

"ஆயில் கலந்தீங்களா?"

"என்ன ஆயிலு? பைக்குக்கு எவன் ஆயில் கலக்குறான் இப்ப?"

அதுவும் உண்மைதான். ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டிகள், பேச்சிமுத்துவின் பழைய டிவிஎஸ் தவிர, ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது ஓடுகிற பைக்குகளுக்கு அந்த வேலையே கிடையாது.

"நீங்க மட்டுமா இப்படி நெறச்சுக் கொடுக்குறது?"

"நல்லாக் கேட்டீக! மூணு வருசமா ஊரே அப்படித்தேன். வெறுசாக் கொடுத்தா நாளைக்கு யாரு நம்ம மூஞ்சியில முழிப்பா?"

வண்டியில் ஏறியதும் தங்கப்பாண்டியன் கொய்யாவைக் கடித்தார். "அக்கா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு குத்தவாளியப் பாத்ததே இல்ல. மூணு மிஷினைக் கொன்ன கூட்டம், அம்புட்டுப் பேரும் மரியாதைக்காரவுக. பழம் வேற தர்றாக."

வண்டி அரை மைல் போனதும், "நிறுத்து," என்றார் சுகிர்தம்.

"என்னக்கா?"

"மூணு வருசம் தங்கம். அஞ்சாறு மிஷின். தினமும் யாராவது ஒருத்தர் வெறும் பெட்ரோலை நெறச்சுக் கொண்டுவந்து வச்சிருக்காங்க. அப்படின்னா மூணு வருசமும் மிஷின்கள் எப்படிப் பிழைச்சிருந்துச்சு?"

தங்கப்பாண்டியன் மெல்லுவதை நிறுத்தினார். "காலையில யாரோ அதைக் கொட்டிட்டு, நல்ல கலவையா ஊத்தியிருக்கணும்."

"யாரு?"

"கலக்குறவருதான்."

"கொட்டின பெட்ரோல் எங்க போகும்? லிட்டர் நூறு ரூபா. மண்ணுலயா ஊத்துவார்?"

தங்கப்பாண்டியன் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குப் பேச்சில்லாமல் போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தக் காலை சுகிர்தத்தின் கண்முன் வந்து நின்றது. இதே ஊர், இதே நாற்பது பேர். வெள்ளைத் துணியைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தபடி அவர் கேட்ட கேள்வி.

"இது சென்டர் பெட்ரோல்தானே?"

"ஆமாங்கம்மா. ஆனா..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்கம்மா."

அந்த "ஆனா"வை வெட்டியபோது கூட்டம் கைதட்டியது. சுகிர்தத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது ஆம்னிக்குள் ஃபேன் காற்றிலும் காது மடல் கொதித்தது. சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார்.

தங்கப்பாண்டியன் வெளியே பார்த்துக்கொண்டு, "வெயில் சாஸ்திதான்," என்றார்.

*

மையத்தில் அருள்செல்வி தனியாக இருந்தாள். சுகிர்தம் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை "ஆமாவா, இல்லையா" என்று கேட்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

"அம்மாடி, முதல் ரெண்டு மிஷின் செத்துச்சே, அந்த வாரம் பேச்சிமுத்து வேலைக்கு வந்தாரா?"

"இல்லீங்க. வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருந்தாரு. மூணு நாள் லீவு. அந்த மூணு நாள்லதான் ரெண்டும் போச்சு."

"இதை ஏன் அன்னைக்கு என்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. "லீவுக்கு முன்னாடி கலந்து வச்சதுலதான் தப்புன்னு எல்லாரும் சொன்னாக. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நேத்து கேட்டுல நின்னு உன்கிட்ட என்ன சொன்னார்?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. "உள்ளயே வரலீங்க. கம்பிக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'ஆத்தா, நாளைக்கு விழாவுல மிஷின் ஓட்டுறாகளாமே. ஊத்துறதுக்கு முன்னாடி டேங்க்ல இருக்குற பழசக் கொட்டிரச் சொல்லு'ன்னாரு. அவரோட பேச்சு வச்சுக்கக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு. சொன்னா என்னையும் கேப்பாகன்னு பயந்து... சொல்லாமலே விட்டுட்டேன்."

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுகிர்தம் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். வேலை போய், திருடன் என்று ஊர் வாட்ஸப் குரூப்பில் படம் போட்டு, அதற்கப்புறமும் ஒரு மனுஷன் கம்பிக்கு வெளியே வந்து நின்று மிஷினைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் நாலு மணிக்குப் புகாராக எழுதப்போகிறார்கள்.

*

நாலு மணி. புகார் தட்டச்சாகி மேஜை மேல் தயாராக இருந்தது. கீழே சுகிர்தத்தின் அறிக்கை இணைக்கப்பட்டிருந்தது.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி," என்றார் சுகிர்தம் எழுந்து. "மிஷினை வெறும் டேங்க்கோட திருப்பிக் கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. சிலர் சிரித்தார்கள். "நாங்க என்ன அம்புட்டுக் கேவலமாவா இருக்கோம்?" என்று ஒரு குரல்.

"சந்தோஷம். நெறச்ச பெட்ரோல்ல ஆயில் கலந்தவங்க?"

இதற்கும் ஒரு கையும் எழவில்லை. சிரிப்பும் எழவில்லை. முதலில் புரிந்தது கார்த்திக்ராஜுக்கு. அவன் தலை தொங்கியது. அப்புறம் வரிசையாக ஒவ்வொரு தலையாகத் தொங்கியது. கடைசி வரிசையில் முருகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். சுகிர்தம் செய்தித்தாள் துண்டைக் காட்டி, இரண்டு சொட்டையும் விளக்கினார். வினோத்ராஜ் தன் பாட்டிலை எடுத்து நிம்மதியாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா தினமும் காலையில நீங்க நெறச்சதைக் கொட்டி எடுத்துட்டு, ஒழுங்கான கலவையை ஊத்தினவர் பேச்சிமுத்து. கொட்டினதுல அதே நீல ஆயிலைச் சேத்துத் தன் வண்டிக்கு ஊத்திக்கிட்டார். அதைத்தான் நான் திருட்டுன்னு எழுதினேன். என் அறிக்கை தப்பு. தெரியாம நடந்த தப்பு இல்ல. கேக்காம நடந்த தப்பு. அன்னைக்கு எந்த இடத்துல நின்னு அவரைத் திருடன்னு சொன்னேனோ, அதே இடத்துலதான் இப்ப நிக்கிறேன்."

தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

ஆண்டனி ராஜ் மைக்கை மேஜை மேல் வைத்தார். "திருவிழா வாரத்துல செத்துச்சே ரெண்டாவது மிஷினு," என்றார் மைக் இல்லாமல். "அது முந்துன நாள் என் தோட்டத்துலதேன் ஓடுச்சு. கேன்ல பெட்ரோல் கொண்டாந்து நாந்தேன் நெறச்சேன். வழிஞ்சு கீழ ஊத்துற மாதிரி நெறச்சேன். தலைவரு கஞ்சத்தனம் பண்ணிட்டாருன்னு பேரு வந்துறக் கூடாதுன்னு."

புகாரை எடுத்தார். இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தார். "மேடம், அவனை வேலைக்கு வரச் சொல்லுங்க. நான் வந்து கூப்புடணும். இன்னைக்கு என்னால முடியல. எப்படிப் போய் நிப்பேன்?"

"எனக்கும் முடியலதான்," என்றார் சுகிர்தம். "ஆனா போறேன்."

*

ஊர்க்கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. வாசலில் அந்தப் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி, மூன்று வாரமாக எடுக்காத தூசியோடு நின்றது. பேச்சிமுத்து யாருடையதோ ஒரு கைத்தெளிப்பானைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தத்தைப் பார்த்ததும் பதறி எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டு, உள்ளே ஓடிப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, தோளிலிருந்த துண்டால் துடைத்துப் போட்டார்.

அந்த உபசாரம் சுகிர்தத்துக்குத் தாங்கவில்லை. உட்காராமல் நின்றார்.

"பேச்சிமுத்து, எல்லாம் தெரிஞ்சு போச்சு. யார் நெறச்சாங்க, யார் கொட்டினாங்கன்னு. கூட்டத்துல சொல்லிட்டேன். புகாரைக் கிழிச்சாச்சு. நாளையிலிருந்து உங்களை வரச் சொல்றாங்க."

பேச்சிமுத்துவின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று சுகிர்தம் எதிர்பார்த்தார். வரவில்லை. அவர் கையில் இருந்த வாஷரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க 'ஆனா'ன்னு ஆரம்பிச்சீங்க. நான் விடல. இத்தனை வருசத் தொழில்ல நான் செஞ்சதுலயே கேவலமான காரியம் அதுதான். என்னை மன்னிச்சிருங்க."

"ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கும்மா." அவர் பின்னால் ஓர் அடி நகர்ந்தார். "நீங்க விட்டிருந்தாலும் முழுசாச் சொல்லியிருக்க மாட்டேன்."

தங்கப்பாண்டியன் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தார். "ஏண்ணே, இதுல மறைக்க என்ன இருக்கு? உங்க மேல ஒரு தப்பும் இல்லையே! ஊரே தப்பா நெறச்சுக் கொண்டாந்து வைக்குது. மூணு வருசமா நீங்க விடியுமுன்ன எந்திரிச்சு ஒவ்வொரு டேங்க்காக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கீக. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'ஏப்பா, வெறும் பெட்ரோல நெறைக்காதீக'ன்னு சொல்லியிருந்தா, மிஷினும் பிழைச்சிருக்கும், உங்க பேரும் பிழைச்சிருக்கும். அதச் சொல்ல என்ன வெக்கம்?"

பேச்சிமுத்து வாஷரைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? சென்டர் தொறந்த மொத வாரத்துல, 'வெறும் டேங்க்கோட கொண்டாந்தா வாங்க மாட்டேன், நெறச்சுக் கொண்டாங்க'ன்னு ஊரக் கூட்டிச் சட்டம் போட்டதும் நாந்தேன், 'ஆயில் கலந்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டதும் நாந்தேம்மா."